இரண்டுக்கு முன்னே பத்து

ஒழுங்கு என்பது மனித முயற்சிகள் அனைத்துக்கும் அடிப்படையாக உள்ளது. அகராதியிலே சொற்கள் ஓர் ஒழுங்கில் நிற்பதனாலேயே வேண்டிய சொல் விரைவிற் கைக்கு எட்டுகின்றது. பாடசாலையின் வரவுப் பதிவேடும், வைத்தியசாலையின் நோயாளர் பதிவேடும், நூல்நிலையத்தின் பட்டியலும், தபாற்காரரின் கையிலுள்ள கடிதக் கட்டும் ஒழுங்கு குலைந்த அக்கணமே பயன் குன்றிவிடுகின்றன. இவ்வாறு ஒழுங்குபடுத்தும் வேலையை ஒரு காலத்தில் எழுதுவினைஞர்கள் கையினாற் செய்துவந்தனர். இன்று அதனைப் பெரும்பாலும் கணனியே செய்கின்றது. இலட்சக்கணக்கான பெயர்களைச் சிறு பொழுதில் வரிசையாக்கித் தரவல்ல அப்பொறி, எண்ணத் தொடங்கிய குழந்தையும் தவறாது சொல்லக்கூடிய ஒரு வரிசையில் இடறி விழுவதுண்டு. இரண்டுக்குப் பின்னரே பத்து வரும் என்பது குழந்தை அறிந்த வரிசை. பத்துக்குப் பின்னரே இரண்டு வரும் என்பது பல வேளைகளிற் கணனி தரும் வரிசை. இம்முரண்பாடு எங்கிருந்து எழுகின்றது, செய்நிரல் எழுதுவோர் அதனை எவ்வாறு நீக்குகின்றனர், நீக்குமிடத்து எத்தகைய இடர்களை எதிர்கொள்கின்றனர் என்பவற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

வானொலி நேயர்களுக்குப் பழக்கமான ஓர் எடுத்துக்காட்டை முதலில் நோக்கலாம். பன்னிரண்டு அங்கங்கள் கொண்ட தொடர் நாடகம் ஒன்று ஒலிப்பதிவு செய்யப்பட்டு, அங்கத்துக்கு ஒரு கோப்பாகக் கணனியிற் சேமிக்கப்பட்டுள்ளது என்று கொள்வோம். கோப்புகளின் பெயர்கள் ‘நாடகம் 1’, ‘நாடகம் 2’ என்று தொடங்கி ‘நாடகம் 12’ வரை செல்கின்றன. இவற்றை எழுத்து வரிசைப்படி அடுக்குமாறு கணனிக்குக் கட்டளையிட்டால், அது முதலில் ‘நாடகம் 1’ என்பதை வைக்கும். அடுத்து 10, 11, 12 ஆகியவற்றை வைக்கும். அதன் பின்னரே 2, 3, 4 என்று தொடர்ந்து 9இல் முடிக்கும். அவ்வரிசைப்படியே ஒலிபரப்பினால், முதல் அங்கத்தில் வீட்டை விட்டுப் போன மகன் அடுத்த வாரமே மனைவி மக்களோடு திரும்பி வந்துவிடுவான். அவன் ஏன் போனான் என்பது ஐந்தாவது வாரத்தில் ஒலிக்கும் இரண்டாம் அங்கத்திலேதான் தெரியவரும்.

நாடகம் குழம்பினால் நேயர்கள் நகைத்துவிட்டு விட்டுவிடலாம். எல்லா இடத்திலும் அவ்வாறு விட்டுவிட முடியாது. ஓர் அலுவலகம் தன் கணக்குகளை நாள்தோறும் பிரதி செய்து, ‘பிரதி 1’, ‘பிரதி 2’ எனப் பெயரிட்டு வைக்கின்றது. இடம் நிறைந்துவிடாதிருக்கும்பொருட்டு, வரிசையில் இறுதியாக நிற்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை அழித்துவிடுமாறு ஒரு சிறு செய்நிரல் எழுதப்பட்டிருக்கின்றது. ஒன்பது நாள்வரை அச்செய்நிரல் பழுதின்றி வேலை செய்யும். பத்தாம் நாள், எழுத்து வரிசையில் இறுதியாக நிற்பது ‘பிரதி 9’ ஆகும். ஆதலால் அன்று செய்த புதிய பிரதி அழிந்துபோக, முதல்நாட் பிரதியே எஞ்சும். யாதொரு எச்சரிக்கையும் எழாது. மூலக் கணக்குக்கு ஏதும் நேர்ந்து பிரதியைத் தேடும் நாளிலேதான் இழப்புத் தெரியவரும். ஒற்றை இலக்கம் இரட்டை இலக்கமாக மாறும் அந்த ஒரு படியிலே இத்தகைய பிழைகள் பதுங்கியிருக்கின்றன. ஒன்பது வரையே சோதித்துப் பார்த்தவர் கண்ணுக்கு அவை புலப்படுவதில்லை.

இனி, இப்பிழை ஏன் நேர்கின்றது என்பதை ஆராய்வோம். கணனியின் உள்ளே ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியெண் உண்டு. அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியிடப்பட்ட ‘ஆஸ்கி’ என்னும் நியமக் குறிமுறை, 0 என்னும் இலக்கத்துக்கு 48 என்ற குறியெண்ணையும், 1இற்கு 49ஐயும், 2இற்கு 50ஐயும், இவ்வாறே சென்று 9இற்கு 57ஐயும் வழங்கியது. இன்று உலக மொழிகள் அனைத்தையும் உள்ளடக்கும் யூனிகோட் குறிமுறையும் அவ்வெண்களையே ஏற்றுக்கொண்டுள்ளது. இரு பெயர்களை ஒப்பிடுமாறு கேட்டால், கணனி அவற்றை இடமிருந்து வலமாக ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்தாக நோக்கிச் செல்லும். எழுத்துக்கள் எங்கே முதன்முதல் வேறுபடுகின்றனவோ அங்கே குறியெண் சிறியதாக உள்ள பெயரை முன்னே வைக்கும். ‘நாடகம் 2’, ‘நாடகம் 10’ ஆகிய இரண்டிலும் இடைவெளி வரை யாவும் ஒன்றே. அதன்பின் ஒன்றில் 2உம் மற்றதில் 1உம் நிற்கின்றன. 50இலும் 49 சிறிது. அத்தோடு தீர்ப்பு முடிந்துவிடுகின்றது. ஒன்றை அடுத்து நிற்கும் பூச்சியத்தைக் கணனி திரும்பியும் பார்ப்பதில்லை.

இதனைக் கணனியின் அறியாமை என்று பழிப்பது பொருந்தாது. அகராதி தொகுத்தோர் காலங்காலமாகக் கையாண்ட விதியும் இதுவே. ‘அன்னப்பறவை’ என்னும் நீண்ட சொல் ‘ஆ’ என்னும் ஓரெழுத்துச் சொல்லுக்கு முன்னே நிற்கின்றது. சொல்லின் நீளத்தை எவரும் கருதுவதில்லை. முதலெழுத்தே முதலில் தீர்ப்பளிக்கின்றது. சொற்களுக்கு ஏற்ற இவ்விதியை எண்களுக்கும் இட்டதனாலேயே பிழை விளைந்தது. சொல்லில் நிற்கும் ஓர் எழுத்து, தனக்குப் பின்னே எத்தனை எழுத்துக்கள் வந்தாலும் தன் தரத்தில் மாறுவதில்லை. எண்ணில் நிற்கும் இலக்கமோ, தனக்குப் பின்னே எத்தனை இலக்கங்கள் நிற்கின்றன என்பதைப் பொறுத்தே தன் பெறுமதியைப் பெறுகின்றது. 1 என்பது தனித்து நின்றால் ஒன்று. பின்னே ஓர் இலக்கம் வந்தால் பத்து. இரண்டு வந்தால் நூறு. ஆகவே எண்ணை ஒப்பிடுவோர் முதலில் அதன் நீளத்தை நோக்க வேண்டும். அகராதி விதியோ நீளத்தை நோக்குவதே இல்லை.

இச்சிக்கல் கணனியோடு பிறந்ததன்று. நூல்நிலையங்களில் அட்டைப் பட்டியல் வழங்கிய காலத்திலேயே, எண்ணிலே தொடங்கும் நூற்பெயர்களை எங்கே வைப்பது என்ற வினா எழுந்தது. அமெரிக்க நூல்நிலையச் சங்கத்தின் 1968ஆம் ஆண்டு விதிகள், எண்ணைச் சொல்லாக விரித்து வாசித்து, அச்சொல்லின் எழுத்து வரிசையிலே வைக்குமாறு பணித்தன. அதன்படி 10 என்று தொடங்கும் நூல், ஆங்கிலத்திலே பத்தைக் குறிக்கும் சொல்லின் இடத்துக்குச் சென்றது. அச்சங்கம் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட புதிய விதிகளோ, எண்களை எழுத்துக்களுக்கு முன்னே வைத்து, அவற்றின் பெறுமதிப்படி அடுக்குமாறு கூறின. முதல் விதியைக் கையாள, எண்ணை வாய்விட்டு எவ்வாறு சொல்வது என்பதை அறிந்த மனிதர் ஒருவர் வேண்டும். இரண்டாவது விதியைப் பொறியும் கையாளக்கூடும். ஒரே நூல், ஒரே பெயர். ஆயினும் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் அதன் இடம் மாறியது. வரிசை என்பது மனிதர் கூடி வகுத்த ஏற்பாடு என்பதற்கு இஃது ஒரு நற்சான்றாகும்.

செய்நிரல் எழுதுவோர் இச்சிக்கலுக்குக் கண்ட பழைய பரிகாரம் பூச்சியம் இட்டு நிரப்புதலாகும். 1 என்று எழுதாமல் 001 என்றும், 10 என்று எழுதாமல் 010 என்றும் எழுதினால், எல்லா எண்களும் ஒரே நீளம் உடையவையாகும். நீளம் சமமானபோது அகராதி விதியும் எண்ணின் விதியும் ஒன்றாகிவிடுகின்றன. சர்வதேச நியம நிறுவனம் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட திகதி எழுதும் நியமத்திலும் இவ்வுண்மை பயன்பட்டுள்ளது. ஆண்டை நான்கு இலக்கத்திலும், அடுத்து மாதத்தை இரண்டு இலக்கத்திலும், இறுதியில் நாளை இரண்டு இலக்கத்திலும் அந்நியமப்படி எழுதினால், எழுத்து வரிசையே கால வரிசையாகவும் அமைந்துவிடும். 2024-02-09 என்பது 2024-02-10இற்கு முன்னே தானாகவே வந்து நிற்கும். எனினும் இப்பரிகாரத்துக்கும் எல்லையுண்டு. மூன்று இலக்கம் போதுமென்று தொடங்கிய வரிசை 999ஐக் கடந்த அன்று மீண்டும் குழம்பும். அன்றியும், பெயரிடுவோர் அனைவரும் அவ்வொழுங்கை மறவாது பேண வேண்டும். பிறர் இட்ட பெயர்களைப் பெற்றுக்கொள்ளும் செய்நிரலுக்கு இஃது உதவாது.

ஆதலால், பெயரை மாற்றாமல் ஒப்பிடும் முறையை மாற்றும் வழியொன்று வகுக்கப்பட்டது. அதனை இயல்பு வரிசை என்று வழங்கலாம். அதன் முறை வருமாறு. ஒரு பெயரை எழுத்துக்கள் வேறாகவும் இலக்கங்கள் வேறாகவும் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். அடுத்தடுத்து நிற்கும் இலக்கங்கள் யாவும் சேர்ந்து ஒரே துண்டாகும். ‘வீதி 7 வீடு 12’ என்ற முகவரியில், ‘வீதி’ என்பது எழுத்துத் துண்டு. 7 என்பது எண் துண்டு. ‘வீடு’ என்பது எழுத்துத் துண்டு. 12 என்பது எண் துண்டு. இவ்வாறே ‘வீதி 7 வீடு 5’ என்பதையும் பிரித்து, முதற்றுண்டை முதற்றுண்டோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் ஒப்பிட்டுச் செல்ல வேண்டும். எழுத்துத் துண்டுகள் சந்தித்தால் அகராதி விதி ஆளும். எண் துண்டுகள் சந்தித்தால் பெறுமதி ஆளும். முதல் மூன்று துண்டுகளும் ஒத்திருக்க, நான்காவதில் ஐந்து பன்னிரண்டுக்கு முன்னே வரும்.

எண் துண்டை எண்ணாக மாற்றி ஒப்பிடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. இன்றைய கணனிகள் வழக்கமாக 64 துணுக்குகளில் ஒரு முழு எண்ணைச் சேமிக்கின்றன. அதில் அடங்கக்கூடிய மிகப்பெரிய எண் இருபது இலக்கங்கள் கொண்டது. நீண்ட தொடரிலக்கங்களைக் கொண்ட பெயர்கள் அவ்வெல்லையை எளிதிற் கடந்துவிடும். கடந்தபோது சில செய்நிரல்கள் பிழையான எண்ணை உண்டாக்கும், சில நின்றுவிடும். ஆகவே அனுபவமுடையோர் எண்ணாக மாற்றாமலேயே ஒப்பிடுவர். முன்னே நிற்கும் பூச்சியங்களை நீக்கிவிட்டு, எஞ்சிய இலக்கங்களின் தொகையை நோக்குவர். தொகை மிகுந்தது பெரிய எண். தொகை சமமானால் இடமிருந்து வலமாக நோக்கி, முதலில் வேறுபடும் இலக்கத்தைக் கொண்டு முடிவு செய்வர். எண் எத்துணை நீண்டதாயினும் இம்முறை தவறுவதில்லை.

இக்கருத்துப் பரவிய வரலாறும் அறியத்தக்கது. மார்ட்டின் பூல் என்பவர் 2000ஆம் ஆண்டளவில் இத்தகைய ஒப்பீட்டுக்கான ஒரு சிறு செய்நிரலை எழுதி யாவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டார். இணையத்தளங்கள் அமைப்பதற்குப் பெரிதும் பயன்படும் ‘பீ.எச்.பீ.’ என்னும் நிரல்மொழியின் நான்காம் பதிப்பு அதனை ஏற்றுக்கொண்டது. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ‘விண்டோஸ் எக்ஸ்.பீ.’ கோப்புகளை இயல்பு வரிசையிற் காட்டத் தொடங்கியது; அதற்கு முந்திய ‘விண்டோஸ் 2000’ எழுத்து வரிசையிலேயே காட்டிவந்தது. இன்று யூனிகோட் அமைப்பின் வரிசை விதிகளிலும், வேண்டியோர் தெரிந்துகொள்ளத்தக்க ஒரு தெரிவாக இஃது இடம்பெற்றுள்ளது. எண்களைப் பெறுமதிப்படி அடுக்குவதா, எழுத்தாகவே கருதுவதா என்பதைச் செய்நிரல் எழுதுவோர் ஒரு சொல்லிற் குறிப்பிட்டுவிடலாம்.

இவ்வாறு ஆயத்தமான முறைகள் இருக்கவும், அவசரத்திலே தாமே ஒரு விதியை வகுத்துக்கொள்வோரும் உளர். அவர்கள் வகுக்கும் விதிகளில் ஒன்று வெளித்தோற்றத்துக்கு மிக நேர்மையானது. ஒப்பிடும் பெயர்கள் இரண்டும் தனி எண்களாயின் எண்ணாக ஒப்பிடுக; அல்லாவிடின் எழுத்தாக ஒப்பிடுக என்பதே அது. ஒரு வீதியில் 2, 10, 1அ என்ற இலக்கமுடைய மூன்று வீடுகள் உள்ளன என்று கொண்டு, அவ்விதியைச் சோதிக்கலாம். 2உம் 10உம் தனி எண்கள். ஆகவே 2 முன்னே, 10 பின்னே. 10ஐயும் 1அ என்பதையும் எழுத்தாக ஒப்பிட வேண்டும். பூச்சியம் அகரத்துக்கு முந்தியது. ஆகவே 10 முன்னே, 1அ பின்னே. 1அ என்பதையும் 2ஐயும் எழுத்தாக ஒப்பிட்டால், 1அ முன்னே, 2 பின்னே. இப்பொழுது 2இற்குப் பின் 10. 10இற்குப் பின் 1அ. 1அவிற்குப் பின் மீண்டும் 2. தலையும் வாலும் இல்லாத வட்டமாகிவிட்டது வரிசை. இத்தகைய விதியைப் பெற்ற கணனி, பெயர்கள் எந்த ஒழுங்கிற் கொடுக்கப்பட்டனவோ அதற்கேற்ப ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விடை தரும். துண்டுகளாகப் பிரிக்கும் முறையிலோ 1அ, 2, 10 என்ற தெளிவான வரிசை கிடைக்கும். ஒன்று மற்றொன்றுக்கு முந்தியது, அது மூன்றாவதற்கு முந்தியது என்றால், முதலாவது மூன்றாவதற்கு முந்தியதாகவே இருத்தல் வேண்டும். இதனைக் காவாத விதி வரிசை விதியாகாது.

மற்றோர் இடர் 7, 007 ஆகியவற்றில் உள்ளது. பெறுமதியில் இரண்டும் ஏழு. ஆகவே ஒப்பிடும் செய்நிரல் இவையிரண்டும் சமம் என்று சொல்லிவிடக்கூடும். சமமானவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிடும் சேமிப்பு முறைகள் உண்டு. அவற்றிடம் அவ்விடை சென்றால், ‘பத்திரம் 7’, ‘பத்திரம் 007’ என்ற இரு வேறு கோப்புகளுள் ஒன்று மறைந்துபோகும். ஆகவே பெறுமதியிற் சமமாக நின்றவற்றை இறுதியில் எழுத்தாகவும் ஒப்பிட்டு, ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் வைத்தல் முறையாகும்.

இவை யாவும் சீராயின் சிக்கல் தீர்ந்தது என்று நேயர்கள் கருதலாம். உண்மையான சிக்கல் இனிமேற்றான் தொடங்குகின்றது. ஓர் எண், அடுத்து ஒரு புள்ளி, அடுத்து மற்றோர் எண் என்ற வடிவத்தை எடுத்துக்கொள்வோம். மெல்வில் டூயி 1876ஆம் ஆண்டில் வெளியிட்ட நூற்பகுப்பு முறையில், புள்ளி தசமப் புள்ளியாகும். அங்கே 512.13 என்ற இலக்கமுடைய நூல் 512.2 என்ற இலக்கமுடைய நூலுக்கு முன்னே அடுக்கப்பட வேண்டும். இயல்பு வரிசையோ, புள்ளிக்குப் பின்னுள்ள 13, 2 ஆகியவற்றைத் தனி எண்களாகக் கொண்டு, இரண்டை முன்னே வைத்துவிடும். நூல் தன் தட்டை விட்டு வேறிடம் சென்றுவிடும். மென்பொருட் பதிப்புகளின் இலக்கங்களில் நிலைமை நேர்மாறானது. ‘பைதன்’ என்னும் நிரல்மொழியின் 3.9ஆம் பதிப்பு 2020ஆம் ஆண்டிலும், அடுத்த பதிப்பு 2021ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அவ்வடுத்த பதிப்பின் இலக்கம் 3.10 ஆகும். அதனைத் தசமமாகக் கொள்வோர்க்கு 3.10 என்பதும் 3.1 என்பதும் ஒன்றே. மேற்கோட்குறியின்றி 3.10 என்று எழுதப்பட்ட அமைப்புக் கோப்புகளைப் படித்த கருவிகள் அதனை 3.1 என்றே விளங்கிக்கொண்டு, பல ஆண்டுகளுக்கு முந்திய பதிப்பைத் தேடின. பதிப்பு இலக்கத்தின் முதல் மூன்று எழுத்துக்களை மட்டும் வெட்டி எடுத்த செய்நிரல்களுக்கும் அதே விளைவு நேர்ந்தது.

இணைய உலாவிகளும் இத்தகைய தொல்லைக்கு ஆளாயின. ‘ஒப்பெரா’ உலாவியின் பத்தாம் பதிப்பு 2009ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, பதிப்பின் முதல் இலக்கத்தை மட்டும் படிக்கும் இணையத்தளங்கள் பத்தை ஒன்றென மயங்கின. ஆகவே அவ்வுலாவி தன்னை 9.80 என்று அறிமுகஞ் செய்துகொண்டு, மெய்யான இலக்கத்தை வேறோரிடத்திற் குறிப்பிட வேண்டியதாயிற்று. ‘குரோம்’, ‘பயர்பொக்ஸ்’ ஆகியவை 2022ஆம் ஆண்டில் நூறாம் பதிப்பை அடைவதற்கு முன்னரே, மூன்றிலக்கப் பதிப்பை எத்தளங்கள் தவறாகப் படிக்கும் என்று அவற்றை ஆக்கியோர் முன்கூட்டிச் சோதித்துப் பார்த்தனர்.

பதினாறடி எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புகளும் உண்டு. அம்முறையில் இலக்கங்கள் பத்தோடு, ஆங்கில எழுத்துக்களில் ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரையான ஆறும் இலக்கங்களாக வழங்குகின்றன. 09 என்பது ஒன்பது. ‘1ஏ’ என்பது இருபத்தாறு. எழுத்து வரிசை இவற்றைச் சரியாகவே அடுக்கும். இயல்பு வரிசையோ, ‘1ஏ’ என்பதில் ஒன்றை மட்டும் எண்ணாகக் கண்டு, அதனை ஒன்பதுக்கு முன்னே கொண்டுபோய் வைக்கும். இத்தகைய பெயர்களைக் கையாளுவோர்க்கு உதவக்கூடியவாறு, விண்டோஸ் இயல்பு வரிசையை நிறுத்திவிட்டுப் பழைய எழுத்து வரிசைக்குத் திரும்பும் ஏற்பாட்டையும் வைத்துள்ளது. ஒருவருக்கு மருந்தான விதி மற்றொருவருக்கு நோயாக முடிவதை இது காட்டுகின்றது.

எது சரியான வரிசை என்பது ஒருபுறமிருக்க, இருவர் ஒரே வரிசையைக் கையாளுகின்றனரா என்பதும் கவனிக்கற்பாலது. மனித உடலின் நிறமூர்த்தங்கள் 1 முதல் 22 வரை எண்ணிடப்பட்டுள்ளன. பாலை நிருணயிக்கும் இரண்டு ‘எக்ஸ்’, ‘வை’ என்ற எழுத்துக்களாற் குறிக்கப்படுகின்றன. பரம்பரையலகுகளை ஆராயும் விஞ்ஞானிகள் கோடிக்கணக்கான பதிவுகளை நிறமூர்த்த வாரியாக அடுக்கி வைப்பர். இரண்டு பெரும் பட்டியல்களைப் பக்கத்துக்குப் பக்கம் ஒத்துப்பார்க்கும் செய்நிரல், இரண்டும் ஒரே வரிசையில் உள்ளன என்ற நம்பிக்கையிலே முன்னேறிச் செல்கின்றது. ஒன்றில் 1இற்குப் பின் 2உம், மற்றதில் 1இற்குப் பின் 10உம் வந்தால் அந்நம்பிக்கை முறிகின்றது. நல்ல செய்நிரல் அவ்விடத்திலே பிழை என்று அறிவித்து நிற்கும். கவனமற்ற செய்நிரல், ஒத்த பதிவுகள் இல்லை என்று எண்ணி அவற்றைத் தாண்டிச் சென்றுவிடும். இத்துறையிற் பெரிதும் வழங்கும் ‘சாம்ரூல்ஸ்’ என்னும் கருவி, பதிவுகளைப் பெயர்வாரியாக அடுக்கும்போது இயல்பு வரிசையைப் பின்பற்ற, ‘பிக்காட்’ என்னும் மற்றொரு கருவி எழுத்து வரிசையைப் பின்பற்றி வந்துள்ளது. ஆகவேதான் அத்தரவுக் கோப்புகளின் நியமம், எவ்வரிசையில் அடுக்கப்பட்டது என்பதைக் கோப்பின் தலைப்பிலேயே குறிப்பதற்கு இடம் வகுத்துள்ளது.

தமிழ் எண்களை நோக்குமிடத்தும் இதே பாடம் கிடைக்கின்றது. பழைய தமிழ்க் கணக்கில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக் குறிகள் உண்டு. இருபது என்பது இரண்டின் குறியும் பத்தின் குறியும் சேர்ந்து ௨௰ என எழுதப்பட்டது. யூனிகோட் குறிமுறையில் ௧ முதல் ௯ வரையான இலக்கங்களை அடுத்தே ௰ வைக்கப்பட்டிருப்பதனால், எழுத்து வரிசையிலும் ஒன்பதுக்குப் பின் பத்துச் சரியாகவே வந்து நிற்கும். ஆயினும் ௨௰ என்ற இருபது, இரண்டை அடுத்து மூன்றுக்கு முன்னே சென்றுவிடும். இயல்பு வரிசை விதியும் இங்கே கைகொடாது; ஏனெனில் ௰ என்பதை அவ்விதி இலக்கமாகக் கருதுவதில்லை. தமிழ்ப் பூச்சியக் குறி 2005ஆம் ஆண்டில் யூனிகோட்டிற் சேர்க்கப்பட்டது. அதனைக் கொண்டு இருபதை ௨௦ என எழுதுவோரும் உளர். அங்ஙனம் எழுதினாலும், 0 முதல் 9 வரையான இலக்கங்களை மட்டுமே அறிந்த செய்நிரல் அதனை எண்ணென்று உணராது. ஓலைச்சுவடிகளின் ஏட்டெண்களையோ, பழைய பதிப்புகளின் பாட்டெண்களையோ அவற்றில் உள்ளவாறே பதிவு செய்து பட்டியலாக்க முனைவோர் இதனை மனத்திற்கொள்ளல் வேண்டும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. எழுதப்பட்ட இலக்கங்களைக் கண்ட அளவிலே அவற்றின் வரிசையை அறிந்துவிட முடியாது. அவற்றை எழுதியவர் என்ன கருதி எழுதினார் என்பதிலேதான் வரிசை அடங்கியுள்ளது. 3.10 என்பது தசமமா, பதிப்பா, அத்தியாயமும் பிரிவுமா, மூன்று மணி பத்து நிமிடமா என்பதை அப்புள்ளி சொல்லமாட்டாது. ‘அறை 3-5’ என்பதிலுள்ள கோடு பிரிக்கும் கோடா, கழித்தற்குறியா என்பதையும் அக்கோடு சொல்லமாட்டாது. 1,000 என்று காற்புள்ளியிட்டு எழுதிய ஆயிரத்தை, துண்டாகப் பிரிக்கும் செய்நிரல் ஒன்றெனக் கொண்டு இரண்டுக்கு முன்னே வைத்துவிடும். மனிதர் தம் அனுபவத்தால் உடனே அறிந்துகொள்ளும் இவற்றைக் கணனிக்கு ஒருவர் எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆகவே செய்நிரல் எழுதும் தொழிலிற் புகும் இளைஞர்கள் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் நன்று. முதலாவதாக, எண்ணாகச் சேமிக்கக்கூடியதை எண்ணாகவே சேமிக்க வேண்டும்; அங்கத்தின் பெயர் ஓரிடத்திலும் அதன் இலக்கம் வேறிடத்திலும் இருந்தால், பெயரைத் துண்டாக்கி ஆராயும் தேவையே எழாது. இரண்டாவதாக, மனிதர் கண்ணுக்குக் காட்டும் வரிசை வேறு, பொறிகள் தம்முட் பயன்படுத்தும் வரிசை வேறு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸின் இயல்பு வரிசைச் செயற்கூறு பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடும் என்றும், மாறா வரிசை வேண்டுமிடத்து அதனைப் பயன்படுத்தலாகாது என்றும் அதனை ஆக்கிய மைக்ரோசொப்ட் நிறுவனமே எச்சரித்துள்ளது. மூன்றாவதாக, பட்டியல் பெரிதாயின் பெயர்களை ஒவ்வோர் ஒப்பீட்டின்போதும் மீண்டும் மீண்டும் துண்டாக்கலாகாது. ஓர் இலட்சம் பெயர்களை அடுக்க ஏறத்தாழப் பதினேழு இலட்சம் ஒப்பீடுகள் வேண்டியிருக்கும். தொடக்கத்தில் ஒருமுறை துண்டாக்கி வைத்துக்கொண்டால் வேலை பெரிதும் குறையும். நான்காவதாக, ஒன்பதோடு சோதனையை நிறுத்தாமல், பத்தையும் நூறையும் முன்னே பூச்சியமுள்ள எண்ணையும் எண்ணே இல்லாத பெயரையும் கொடுத்துச் சோதித்தல் வேண்டும்.

இவை யாவற்றுக்கும் மேலாக, பட்டியலைப் பயன்படுத்தப்போகும் மனிதரிடம் சென்று, எதன் பின் எது வரவேண்டும் என்று கேட்டறிதல் வேண்டும். நூல்நிலையத்தார் ஒரு விடை சொல்வர். மென்பொருள் வெளியிடுவோர் வேறொரு விடை சொல்வர். சுவடி ஆராய்வோர் மூன்றாவதொரு விடை சொல்வர். மூவரும் தத்தம் துறையிற் சரியாகவே சொல்வர். பட்டியலைப் பார்ப்பவர், அதன் இறுதியில் நிற்பதே பெரியது அல்லது புதியது என்று நம்பிச் செயற்படுகின்றார். அந்நம்பிக்கையைக் காப்பது கணனியின் கடமையன்று. அதற்கு விதி வகுத்துக் கொடுப்பவரின் கடமையாகும்.